சீட் போஸ்ட்டைக் கழற்றிவிட்டு விலை சொல்லுங்கள்

காரை விற்றால் அது மதுரைக்கோ ஓசூருக்கோ போய்விடும், மறுபடி கண்ணில் படாது. டைட்டானியம் கிராவல் பிரேம் அப்படியில்லை. இந்த ஊரில் அதைக் காசு கொடுத்து வாங்கக்கூடிய ஆள், ஞாயிறு விடிகாலை ஐந்தரைக்குத் திருவான்மியூர் சிக்னலைத் தாண்டித் தெற்கே மிதிக்கிற அதே கூட்டத்தில்தான் இருப்பார். விற்ற மறுவாரமே அவருடைய பின்சக்கரத்தைப் பார்த்தபடி நீங்கள் முட்டுக்காடு வரை போக வேண்டிவரும். எதையாவது மறைத்து விற்றிருந்தால் அந்த தூரம் ரொம்பவே நீளம்.

நான் மயிலாப்பூரில் வளர்ந்தவன், இப்போது ஜாகை அடையாறில். நாற்பது வருஷமாகச் சைக்கிள் மிதிக்கிறேன். இதுவரை நாலு பிரேம் விற்றிருக்கிறேன், அதில் இரண்டு டைட்டானியம். முதல் தடவை அசடு வழிந்து நின்றேன். அதன்பிறகு கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். முதல்முறை விற்கப் போகிற தம்பிகள், தங்கைகள் படித்துக்கொள்ளுங்கள். மற்றவர்களுக்கு இதெல்லாம் தெரிந்திருக்கும்.

1.

விலையை யோசிப்பதற்கு முன்னால் சீட் போஸ்ட்டை உருவிப் பாருங்கள்.

டைட்டானியம் துருப்பிடிக்காது என்று எல்லாரும் சொல்கிறார்கள், உண்மைதான். பெசன்ட் நகரில் ஜன்னல் கம்பி நாலு வருஷத்தில் செதில் செதிலாக உதிர்கிறது. அதே பால்கனியில் நிற்கிற டைட்டானியம் பிரேம் வாங்கிய நாள் போலவே இருக்கும். அந்தத் தைரியத்தில்தான் நாம் ஏமாந்துபோகிறோம். பிரேம் டைட்டானியம், உள்ளே இறங்கியிருக்கிற சீட் போஸ்ட் பெரும்பாலும் அலுமினியம். இரண்டு வேறு உலோகங்களுக்கு நடுவில் உப்புத் தண்ணீர் புகுந்தால் அது ஒரு பேட்டரி மாதிரி வேலை செய்யும். அரிபடுவது அலுமினியம். வெள்ளைப் பொடியாகப் பூத்து, உப்பி, குழாயை இறுகப் பிடித்துக்கொள்ளும். உப்புத் தண்ணீருக்குச் சென்னையில் பஞ்சமா? கடல் காற்று பாதி, மே மாதத்தில் நம் முதுகிலிருந்து சீட்டுக்குக் கீழே சொட்டுவது மீதி.

என்னுடைய முதல் டைட்டானியம் பிரேமில் மூன்று வருஷம் போஸ்ட்டைத் தொடவே இல்லை. என் உயரம் மாறப் போவதில்லையே என்று விட்டுவிட்டேன். வாங்க வந்தவர் தி.நகர்க்காரர், பணத்தோடு வந்திருந்தார். போஸ்ட்டைக் கொஞ்சம் இறக்கச் சொன்னார். அசையவில்லை. ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். அங்கே இருந்த பையன் போஸ்ட்டை வைஸில் பிடித்து, பிரேமை ஸ்டியரிங் மாதிரித் திருப்பினான். என் வயிறு கலங்கியது. அப்போதும் வரவில்லை. கடைசியில் போஸ்ட்டின் தலையை அறுத்து, மிச்சத்தை உள்ளிருந்து ஆக்ஸா பிளேடால் நீளவாக்கில் கீறிக் கீறி, இரண்டு மாலைப்பொழுதில் சுருட்டி எடுத்தோம். பிரேமுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் தி.நகர்க்காரர் அதற்குள் வேறொரு பிரேம் வாங்கிவிட்டார்.

ஆகவே இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை போஸ்ட்டை வெளியே எடுங்கள். துணியால் துடைத்து, ஆன்டி-சீஸ் பேஸ்ட் தடவி, திரும்ப இறக்குங்கள். அது கிடைக்காவிட்டால் மோட்டார் உதிரிபாகக் கடையில் காப்பர் கிரீஸ் என்று கேளுங்கள். பாட்டம் பிராக்கெட் கப், பாட்டில் கேஜ் திருகு எல்லாவற்றுக்கும் இதே கதைதான். கார்பன் போஸ்ட்டில் இந்தத் தொல்லை குறைவு. விற்கிற அன்றைக்கு வாங்குபவர் கேட்பதற்கு முன்பே நீங்களே போஸ்ட்டை உருவிக் காட்டுங்கள். பாதி வியாபாரம் அங்கேயே முடிந்துவிடும்.

2.

விரிசல் தேடுங்கள். உங்கள் பிரேமில் இருக்கவே இருக்காது என்று நினைத்துக்கொண்டு தேடாதீர்கள். இருக்கிறது, எங்கே என்று தெரியவில்லை, அவ்வளவுதான் என்கிற எண்ணத்தோடு தேடுங்கள்.

பிரேமைக் கழுவி, காயவைத்து, காலை வெயிலில் கவிழ்த்துப் போடுங்கள். சீட் கிளாம்ப் பிடிக்கிற இடத்தில் இருக்கும் வெட்டின் அடிமுனை, ஹெட் டியூபுக்குக் கீழே டவுன் டியூபின் வயிற்றுப்பக்கம், பாட்டம் பிராக்கெட்டும் செயின் ஸ்டேவும் சேருமிடம், இடப்பக்கம் பிரேக் உட்காருமிடம், பின்அச்சு மாட்டும் டிராப்அவுட். விரிசல் வந்தால் பெரும்பாலும் இந்த இடங்களில்தான், வெல்டிங்கின் ஓரத்தை ஒட்டி மயிரிழையாகத் தொடங்கும். கீறல் வெல்டிங்கை மதிக்காமல் குறுக்கே ஓடும், விரிசல் அதன் விளிம்போடு ஓடும். சந்தேகம் தீரவில்லை என்றால் டி.பி. டெஸ்ட் செய்துவிடுங்கள். கிண்டி, அம்பத்தூர் தொழிற்பேட்டைகளில் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பெயர் சொன்னாலே தெரியும். மூன்று ஸ்பிரே டின், அவ்வளவுதான். ஒன்று சுத்தம் செய்ய, அடுத்தது சிவப்புச் சாயம். சாயத்தை ஊறவிட்டுத் துடைத்த பிறகு வெள்ளைப் பூச்சு. விரிசல் இருந்தால் வெள்ளையின் மேல் சிவப்புக் கோடு கசிந்து வரும்.

வந்துவிட்டால்? அந்த பிரேமை ஓட்டுவதற்கென்று யாருக்கும் விற்காதீர்கள். "ஒட்டிடலாம் சார்" என்று சொல்கிற முனைக்கடை வெல்டரையும் நம்பாதீர்கள். டைட்டானியம் பழுக்கக் காய்ந்தால் காற்றில் உள்ள ஆக்ஸிஜனையும் நைட்ரஜனையும் உறிஞ்சி மொறுமொறுவென்று ஆகிவிடும். அதனால் வெளியே மட்டுமல்ல, குழாய்க்கு உள்ளேயும் ஆர்கான் வாயுவை நிரப்பித்தான் பற்றவைக்க வேண்டும். நல்ல வெல்டிங் வெள்ளி நிறத்தில் இருக்கும், அல்லது வைக்கோல் நிறத்தில். நீலம் அடித்திருந்தால் காற்று புகுந்திருக்கிறது. சாம்பல் நிறத்தில் பொடி பூத்திருந்தால் அது சுவரில் மாட்டுவதற்கான பிரேம்.

3.

கீறலைப் பற்றி வெட்கப்பட வேண்டாம். பிரஷ்டு பினிஷ் பிரேம் என்றால் ஸ்காட்ச்-பிரைட் நாரால் குழாயின் போக்கிலேயே மெல்லத் தேய்த்தால் சின்னக் கீறல் மறைந்துவிடும். பெயின்ட் அடித்த பிரேமுக்கு இந்தக் கொடுப்பினை கிடையாது. ஆனால் மணல் வீசி மங்கலாக்கிய பினிஷ், வண்ணம் ஏற்றிய பினிஷ் என்றால் நாரைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள், வழுக்கை விழுந்த மாதிரி ஆகிவிடும். நெளிவு இருந்தால் அதில் கை வைக்காமல், விரல் வைத்துக் காட்டிப் படம் எடுங்கள்.

4.

உங்கள் பிரேமின் அளவுகளை நீங்களே தெரிந்துகொள்ளுங்கள். "மீடியம் சைஸ் ப்ரோ" என்பது தகவல் அல்ல.

வாங்குபவர் பிரேமை மட்டும் வாங்கி, தன்னிடம் இருக்கிற சக்கரம், கிராங்க், பிரேக் எல்லாவற்றையும் அதில் மாட்டப் போகிறார். ஒன்று பொருந்தாவிட்டாலும் ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் உங்கள் பெயர்தான் அடிபடும். ரீச் எவ்வளவு, ஸ்டாக் எவ்வளவு, சீட் போஸ்ட் 27.2 மில்லிமீட்டரா 31.6-ஆ, பின்அச்சு 12-க்கு 142 த்ரூ ஆக்சிலா அல்லது பழைய 135 குவிக் ரிலீஸா, பிரேக் பிளாட் மவுன்ட்டா, 700-க்கு 45 டயர் உள்ளே போகுமா. கடைசிக் கேள்விக்கு இணையத்தைப் பார்த்துப் பதில் சொல்லாமல், உண்மையிலேயே டயரை மாட்டி அளந்து சொல்லுங்கள்.

பாட்டம் பிராக்கெட் பற்றி ஒரு வார்த்தை. பல டைட்டானியம் பிரேம்களில் பிஎஸ்ஏ மரை இருக்கும். எங்கள் வயதுக்காரர்கள் பிஎஸ்ஏ என்றதும் எஸ்எல்ஆர் சைக்கிளையும், 1949-இல் தொடங்கிய அம்பத்தூர் டிஐ சைக்கிள்ஸையும் நினைத்துக்கொள்வோம். அதே பிஎஸ்ஏதான். 1861-இல் துப்பாக்கி செய்யத் தொடங்கிய பர்மிங்ஹாம் ஸ்மால் ஆர்ம்ஸ் கம்பெனியின் பெயர் சைக்கிளுக்கு வந்து, சைக்கிள் மரைக்கும் வந்து, இன்றைக்குப் பல லட்ச ரூபாய் பிரேமின் அடியிலும் உட்கார்ந்திருக்கிறது. 1.37 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 24 மரை. செயின் பக்கம் இருப்பது இடது மரை. அதை மறந்து தப்பான பக்கம் மூச்சைப் பிடித்துத் திருப்பி மரையைக் கெடுத்தவர்கள் ஊரில் உண்டு. கழற்றத் தெரியாவிட்டால் கடையில் கொடுத்துக் கழற்றுங்கள். டி47, பிரஸ்-பிட் என்று வேறு வகையாக இருந்தால் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

ஹேங்கர் என்கிற அந்தச் சின்னத் துண்டை அலட்சியம் செய்ய வேண்டாம். சில பிரேம்களுக்கு அது அந்தந்தக் கம்பெனியில்தான் கிடைக்கும், வந்துசேர மாதக்கணக்காகும். உபரி ஒன்று வைத்திருந்தால் பிரேமோடு கொடுத்துவிடுங்கள். அது இனி உங்களுக்கு எதற்கு?

5.

போர்க்கும் சேர்த்து விற்றால் ஸ்டீரர் குழாயின் மிச்ச நீளத்தை மில்லிமீட்டரில் சொல்லுங்கள். நீங்கள் குனிந்து ஓட்டுபவராக இருந்து கட்டையாக வெட்டியிருந்தால், நிமிர்ந்து ஓட்டுபவருக்கு அது பயன்படாது. கார்பன் போர்க் ஒருமுறை பலமாக அடிபட்டிருந்தால், வெளியே ஒன்றும் தெரியாவிட்டாலும் போர்க் இல்லாமல் பிரேமை மட்டும் விற்றுவிடுங்கள். பல் உடைகிற விஷயம்.

6.

பிரேமின் சரித்திரத்தை நீங்களே சொல்லுங்கள். எத்தனை கிலோமீட்டர் என்பது ஸ்ட்ராவாவில் இருக்கிறது, அதைப் பொய் சொல்ல முடியாது. உண்மையில் கிலோமீட்டர் அவ்வளவு முக்கியமுமில்லை. நாற்பது மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டிய 600 கிலோமீட்டர் பிஆர்எம் நாலைந்து ஓடிய டைட்டானியம் பிரேம் ஒன்றும் கிழடாகிவிடாது. எங்கே விழுந்தது, எதில் மோதியது என்பதுதான் கேள்வி. செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் சறுக்கியது வேறு, மெட்ரோ வேலைக்காக வைத்த தடுப்பில் நேராகப் போய் முட்டியது வேறு.

இன்னொன்றும் இந்த ஊரில் சொல்ல வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்திலோ, 2023 மிக்ஜாம் புயலிலோ கார் நிறுத்துமிடத்துத் தண்ணீரில் நின்றிருந்தால் அதையும் சொல்லுங்கள். குழாய்க்கு ஒன்றும் ஆகாது. பேரிங் எல்லாம் மாற்றியாயிற்றா, குழாய்க்குள் சேறு தங்கியிருக்கிறதா என்று வாங்குபவர் பார்த்துக்கொள்வார்.

7.

ஏன் விற்கிறீர்கள் என்று கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். இடுப்பு வலி, பணமுடை, புதுசு வந்துவிட்டது, வீட்டில் உத்தரவு. சைக்கிள்காரர்களுக்கு நாலும் புரியும்.

8.

சைக்கிளுக்கு ஆர்.சி. புத்தகம் கிடையாது. ஆகவே உங்கள் சைக்கிள் உங்களுடையதுதான் என்பதற்குக் காகிதம் வேண்டும். வாங்கிய பில், வெளிநாட்டிலிருந்து வந்திருந்தால் கூரியர்காரர் கொடுத்த சுங்கவரி ரசீது, பாட்டம் பிராக்கெட்டுக்கு அடியில் பொறித்திருக்கிற பிரேம் நம்பர் தெரிகிற படம். இவற்றை முதலிலேயே எடுத்து வையுங்கள். ஒரு வெள்ளைத்தாளில் பிரேம் நம்பர், தொகை, தேதி எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். நண்பருக்குள் எதற்கு இதெல்லாம் என்று கூச்சப்படாதீர்கள். திருட்டுப் பொருளைத் தெரிந்தே வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆம் பிரிவில் குற்றம். காகிதம் கேட்கிறவர் உங்களைச் சந்தேகப்படவில்லை, தன்னைக் காத்துக்கொள்கிறார்.

வாழ்நாள் உத்தரவாதம் என்று பெரிதாகச் சொல்லி விற்காதீர்கள். பல டைட்டானியம் கம்பெனிகள் அந்த உத்தரவாதத்தை முதலில் வாங்கியவருக்கு மட்டுமே தருகின்றன. உங்கள் கையை விட்டுப் போன நிமிஷத்தில் அது செத்துவிடுகிறது. இதை அவர் பின்னால் தெரிந்துகொண்டால் உங்களை மோசக்காரர் என்றுதான் நினைப்பார்.

9.

விலை. எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான், நான் வேண்டுமென்றே பின்னால் வைத்தேன்.

தாது நம் காலடியிலேயே கிடக்கிறது. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி மணலில் இருக்கிற இல்மனைட் டைட்டானியத்தின் தாதுதான். பக்கத்தில் கேரளத்துச் சவறாவில் 2011 முதல் டைட்டானியம் ஸ்பாஞ்ச் ஆலையும் இருக்கிறது. ஆனால் நாம் ஓட்டுகிற பிரேம்கள் டென்னசியில் லைட்ஸ்பீடிலிருந்தோ, கொலராடோவில் மூட்ஸிலிருந்தோ, சீனத்துப் பட்டறையில் அளவு கொடுத்துச் செய்வித்தோ வருகின்றன. உலோகம் பெரும்பாலும் ஒரே கலவை, மூன்று சதவீதம் அலுமினியமும் இரண்டரை சதவீதம் வனேடியமும் சேர்ந்தது. விலையோ பல மடங்கு வித்தியாசம். நீங்கள் விற்பது எந்த ரகம் என்பதை முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். சீனப் பட்டறை பிரேமைக் கொலராடோ விலைக்கு யாரும் வாங்கமாட்டார்கள். நல்ல வெல்டிங் என்றால் அதைக் கேவலமாக நினைக்கவும் வேண்டாம்.

என் கைக்கணக்கு இது, சாஸ்திரம் அல்ல. நீங்கள் அன்றைக்குக் கொடுத்த விலையை மறந்துவிடுங்கள். அதே பிரேமை இன்றைக்குப் புதிதாக வரவழைத்தால் வரி, கூரியர், டாலர் எல்லாம் சேர்த்து வீட்டு வாசலில் என்ன ஆகும் என்று பாருங்கள். அதில் பாதியிலிருந்து தொடங்கி, நிலைமைக்கு ஏற்பக் கூட்டுங்கள், குறையுங்கள். வரி மாறிக்கொண்டே இருக்கும். 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கும் அதன் பாகங்களுக்கும் ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகிவிட்டது. பழைய பில்லை நீட்டி "நான் இவ்வளவு கொடுத்தேனே" என்று புலம்பினால், கேட்பவர் மனதுக்குள் சிரிப்பார்.

நாங்கள் மூர் மார்க்கெட்டில் பேரம் படித்தவர்கள். அவன் நூறு என்றால் இருபதில் தொடங்குவோம், நடப்பது போல நடிப்போம், அவன் கூப்பிடுவான். 1985-இல் மார்க்கெட் எரிந்துபோனது, அந்தப் பழக்கம் மட்டும் எரியவில்லை. கூட ஓட்டுகிறவரிடம் அது வேண்டாம். ஒரு விலை சொல்லுங்கள், மிஞ்சிப்போனால் ஐந்து சதவீதம் இறங்குங்கள். அதற்கும் மேல் இழுத்தால் பாட்டில் கேஜ் இரண்டைச் சேர்த்துக் கொடுத்து முடியுங்கள். தவணை கேட்டால் இரண்டு தவணை, இரண்டாவது கைக்கு வந்த பிறகு பிரேம் வெளியே போகட்டும். இதில் நான் கறார். பாக்கி வைத்தவர் ரைடுக்கு வருவதை நிறுத்திவிடுவார். பணத்தோடு ஆளும் போய்விடும்.

10.

படம் எடுக்கும்போது கபாலி கோயில் குளத்துக் கைப்பிடிச் சுவரில் சாய்த்து வைத்து எடுக்கிறீர்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. வாங்குபவருக்கு கோபுரம் வேண்டாம். வெள்ளைச் சுவர், காலை வெளிச்சம், பாட்டம் பிராக்கெட்டின் அடிப்பாகம், ஒவ்வொரு வெல்டிங்கும் கிட்டத்தில், நெளிவு இருந்தால் அது தனியாக.

11.

பார்க்க வருபவரைக் காலையில் வரச்சொல்லுங்கள். பெசன்ட் நகர் கடற்கரையிலோ பனகல் பார்க் வாசலிலோ ஆறரைக்குச் சந்தித்தால் வெளிச்சமும் இருக்கும், ஆள் நடமாட்டமும் இருக்கும். சாயங்காலம் ரங்கநாதன் தெருப் பக்கம் பிரேமைத் தோளில் போட்டுக்கொண்டு போக நினைக்கிறவரை நான் தடுக்கப் போவதில்லை, அனுபவித்துத் தெரிந்துகொள்ளட்டும். அதைவிட நல்லது, அவர் நம்புகிற மெக்கானிக் கடையில் சந்திப்பது. பிரேமை மெக்கானிக் புரட்டிப் பார்க்கும்போது குறுக்கே பேசாதீர்கள். முழுச் சைக்கிளாக விற்று, ஓட்டிப் பார்க்கக் கேட்டால் அவருடைய ஸ்கூட்டர் சாவி உங்கள் கையில் இருக்கட்டும். தெரிந்தவர் தவறாக நினைக்கமாட்டார், தெரியாதவர் நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும்.

முன்பின் தெரியாத ஒருவர் போனில் பேரமே பேசாமல் முழு விலைக்கும் சம்மதித்து, "நான் ராணுவத்தில் இருக்கிறேன், நேரில் வர முடியாது, க்யூஆர் கோடு அனுப்புகிறேன், ஸ்கேன் செய்து பின் நம்பர் போடுங்கள், பணம் வந்துவிடும்" என்றால் போனை வையுங்கள். யுபிஐ பின் நம்பர் பணம் கொடுப்பதற்குத்தான், வாங்குவதற்கு ஒருபோதும் தேவையில்லை. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930-க்குப் போன் செய்யுங்கள்.

வெளியூருக்கு அனுப்புவதானால் சைக்கிள் கடையில் காலி அட்டைப்பெட்டி கேட்டு வாங்குங்கள். டிராப்அவுட் நசுங்காமல் இருக்க நடுவில் பிளாஸ்டிக் கட்டை வையுங்கள், அதையும் கடையில் சும்மாவே கொடுப்பார்கள்.

12.

அளவு பொருந்தாதவருக்கு விற்காதீர்கள். இதைச் சொன்னால் எல்லாரும் என்னைப் பைத்தியம் மாதிரிப் பார்க்கிறார்கள். டைட்டானியம் என்ற பெயர் கேட்டதும் மயங்கி, ஐந்தடி நாலங்குலத்தில் இருக்கிற பிள்ளை 58 சைஸ் பிரேமுக்குப் பணம் எண்ணத் தயாராக இருப்பான். ஸ்டெம்மைக் குட்டையாக்கிச் சமாளிக்கலாம் என்று அவனுக்கு யாரோ சொல்லியிருப்பார்கள். முடியாது. மகாபலிபுரம் போய்த் திரும்புவதற்குள் கழுத்து பிடித்துக்கொள்ளும். மூன்று மாதத்தில் சைக்கிள் பால்கனியில் துணி காயப்போடுகிற இடமாகிவிடும். நான் அப்படி ஒருவரைத் திருப்பி அனுப்பினேன். அந்த பிரேம் விற்க மேலும் ஐந்து மாதம் ஆனது, வீட்டில் பேச்சும் கேட்டேன். திருப்பி அனுப்பிய அந்தத் தம்பி பின்னால் 52 சைஸில் ஒரு ஸ்டீல் பிரேம் வாங்கினான். இப்போது நான் அவன் பின்னால் ஒண்டிக்கொண்டு எதிர்காற்றில் ஓட்டுகிறேன்.

13.

விற்றபின் அது உங்கள் பிரேம் இல்லை. புது உரிமையாளர் அதில் பச்சை நிற ஹேண்டில் பார் டேப் சுற்றினாலும், மணி மாட்டினாலும், கேரியர் வைத்துக் காய்கறி வாங்கப் போனாலும் வாயைத் திறக்காதீர்கள். ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் எனக்கு நானே அனுமதி கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

2019-இல் நான் விற்ற பிரேம் இன்றும் ஈசிஆரில் ஓடுகிறது. டவுன் டியூபின் இடப்பக்கம் ஒரு விரல் நீளத்துக்குக் கீறல் இருக்கும், அது என் கைங்கரியம். அதை ஓட்டுகிறவரை அக்கரை டீக்கடையில் எப்போது பார்த்தாலும், சீட் போஸ்ட்டைக் கடைசியாக எப்போது வெளியே எடுத்தீர்கள் என்று கேட்பேன். போன ஞாயிறு கேட்டதற்குத் தலையைச் சொறிந்தார்.